நீண்ட சைக்கிள் பயணத்தில் யாழ்ப்பாணத்து ஓய்வு நாள்: முதல் தடவை வருபவர்களுக்கு

கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ சைக்கிள் உழக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்கிறவர்கள் பலர், அடுத்த நாளும் சைக்கிளிலேயே ஊர் பார்க்க வெளிக்கிட்டு விடுகிறார்கள். காலையில் நல்லூர், பிறகு கோட்டை, அங்கிருந்து பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம், பின்னேரம் கசூரினா கடற்கரை. பொழுதுபடும்போது கணக்குப் பார்த்தால் 70, 80 கிலோமீற்றர் ஓடியிருக்கும். அதுவும் ஒரு ஓட்ட நாள்தான். மூன்றாம் நாள் ஆனையிறவு தாண்டும்போது எதிர்க்காற்றில் முழங்கால் அதை நினைவூட்டும்.

நண்பர்களோடு சேர்ந்து முதல் தடவையாக நீண்ட பயணம் வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் இரண்டு இரவு தங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கிடைக்கும் அந்த ஒரு நாளில் கால் ஆற வேண்டும், சைக்கிள் சரியாக வேண்டும், கூட வந்தவர்களோடு ஆறுதலாக இருந்து கதைக்கவும் வேண்டும். ஒரே ஒரு இடத்துக்குப் போவது, அதுவும் சைக்கிள் இல்லாமல் போவது என்று முடிவெடுத்தால் மூன்றுக்கும் நேரம் இருக்கும்.

எந்த நாளில் நிற்பது

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். புதியவர்கள் நாளுக்கு 70, 80 என்று ஓடினால் ஐந்தாறு நாளில் வந்து சேரலாம். உடம்பு ஓய்வு கேட்கும் நேரமும் அதுவே. தசையில் சேமித்திருக்கும் மாச்சத்து தொடர் ஓட்டத்தில் கரைந்துபோகும். வயிறாரச் சாப்பிட்டாலும் அது திரும்ப நிரம்ப ஒரு நாளாவது பிடிக்கும். அதனால் ஓய்வு நாளில் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

நாளைத் தெரிவு செய்யும்போது கலண்டரை ஒருக்கா பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் சைக்கிள் கடைகள் பல பூட்டியிருக்கும். பௌர்ணமி நாள் இலங்கை முழுவதும் போயா விடுமுறை. அன்று இறைச்சிக் கடை திறக்காது. வெள்ளிக்கிழமை பல வீடுகளில் மரக்கறிச் சாப்பாடு மட்டும்தான் என்பதால், மீன், நண்டு சாப்பிட ஆசைப்பட்டால் வேறு நாள் பாருங்கள். ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் நல்லூரில் கொடியேறினால் 25 நாள் திருவிழா. அந்த நாட்களில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். தங்குமிடம் கிடைப்பதும் கடினம். திருவிழா பார்க்கவென்றே வருவது வேறு. ஓய்வெடுக்க வருபவர்கள் முன்கூட்டியே அறை பேசி வைப்பது நல்லது.

வந்து சேர்ந்த அன்றே செய்து முடிக்க வேண்டியவை

தங்குமிடம் பேசும்போதே இரண்டு விஷயம் கேளுங்கள்: சைக்கிள்களை உள்ளே வைத்துப் பூட்ட இடம் இருக்கிறதா, உடுப்புத் தோய்த்துக் காயப்போட வளவு இருக்கிறதா? நகரின் நடுவிலுள்ள மாடிக் கட்டடங்களை விட நல்லூர், திருநெல்வேலிப் பக்கத்து வீட்டு விடுதிகள் இதற்கு வசதி. கிணற்றடி இருந்தால் இன்னும் நல்லது. வாளியால் அள்ளி அள்ளித் தோளிலும் தொடையிலும் ஊற்றும்போதே பாதிக் களைப்பு போய்விடும்.

உடுப்பை அன்று மாலையே தோய்த்துப் போடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் ஓய்வு நாள் அதிலேயே போய்விடும். சைக்கிள் ஓடும் காற்சட்டையின் உள் பஞ்சு காய நெடுநேரம் எடுக்கும். ஈரத்தோடு போட்டால் சீற்றில் உரசித் தோல் புண்ணாகும். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். அப்போது உடுப்பைக் காற்றாடிக்குக் கீழே காயப்போடுங்கள்.

படுக்கப் போகுமுன் எல்லோரும் பத்து நிமிடம் இருந்து நாளைய திட்டத்தைக் கதைத்துக்கொள்ளுங்கள். இதில் நான் விடாமல் சொல்லும் விதி ஒன்று உண்டு: கூட்டத்தில் ஆகக் களைத்திருப்பவர் எதைச் சொல்கிறாரோ அதுதான் முடிவு. கால் பலமுள்ளவர் எப்போதும் இன்னும் ஓர் இடம் பார்க்கலாம் என்பார். களைத்தவர் கூச்சத்தில் வாய் திறக்கமாட்டார். அவரிடம் முதலில் கேளுங்கள். அவர் அறையிலேயே படுத்திருக்கப் போகிறேன் என்றால் அதையும் மதியுங்கள். அரை நாள் தனியாக இருக்க விரும்புவதில் குறையொன்றும் இல்லை. கிழமைக் கணக்கில் ஒன்றாகவே உழக்கிக்கொண்டு வந்தவர்களுக்குக் கொஞ்சம் தனிமையும் மருந்துதான்.

காலையில் சைக்கிளைக் கடையில் விடுங்கள்

அலாரம் வைக்காமல் எழும்புங்கள். காலைச் சாப்பாட்டுக்கு இடியப்பம், சொதி, சம்பல் எந்தக் கடையிலும் கிடைக்கும். சாப்பிட்டதும் சைக்கிளை மெதுவாக, பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் கதைக்கக்கூடிய வேகத்தில், கடை வரைக்கும் ஓடுங்கள். பத்து, பதினைந்து நிமிட ஓட்டம் காலுக்கு இதம். யாழ்ப்பாணத்தில் மேடு பள்ளம் இல்லை. அன்றைக்கு உழக்க வேண்டியது அவ்வளவுதான்.

இந்த ஊர்ச் சைக்கிள்காரர்களின் கையை நம்பலாம். 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல் இருந்த காலத்தில், பள்ளிக்கூடம் போனதும், விறகு ஏற்றியதும், நோயாளியைக் கொண்டுபோனதும் சைக்கிளில்தான். பழுதானதைத் தூக்கி எறிய வழியில்லை, திருத்தித்தான் ஓட வேண்டும். அந்தத் தொழில் தலைமுறை கடந்து இன்னும் இருக்கிறது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது பழைய சைக்கிள்கள் திரும்பவும் வீதிக்கு வந்தன. கடைகளுக்கும் வேலை கூடியது.

றிம் நெளிவு எடுக்கும் விதத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பிறேக் கட்டைக்கும் றிம்முக்கும் இடையில் ஒரு கண், சாவியில் ஒரு கை. சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, உரசும் இடத்தில் விரலால் நிறுத்தி, உரசும் பக்கத்துக் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி எதிர்ப்பக்கக் கம்பியை இறுக்குவார். திரும்பவும் ஒரு சுற்று. ஐந்தாறு தடவையில் சக்கரம் நேராக ஓடும். முறிந்த கம்பி மாற்றுவது, சில்லுக்குள் இருக்கும் போல்ஸ் என்ற இரும்புக் குண்டுகளைக் கழுவிக் கிரீஸ் போடுவது, செயின் கழுவி எண்ணெய் விடுவது, ரியூப் ஒட்டுவது எல்லாவற்றையும் தயங்காமல் கொடுக்கலாம். திரவம் நிரப்பிய டிஸ்க் பிறேக்கையும் மின்சாரக் கியரையும் மட்டும் எல்லாக் கடையிலும் கொடுக்க வேண்டாம். அவை இந்த ஊரில் ஓடும் சைக்கிள்களில் இல்லாதவை.

எதைச் செய்ய வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள்.

“அண்ணை, பின்சில்லு நெளிவை ஒருக்கா எடுத்துவிடுங்கோ. பிறேக் கட்டை தேஞ்சிருந்தால் மாத்துங்கோ. கியரிலை மட்டும் கை வைக்காதையுங்கோ.”

“சரி தம்பி, அஞ்சு மணிக்கு வாங்கோ.”

இவ்வளவு கதை போதும். கூலி எவ்வளவு வரும் என்றும் அப்போதே கேட்டுவிடலாம், யாரும் தவறாக எடுக்கமாட்டார்கள்.

ரயர் பற்றி ஓர் எச்சரிக்கை. இங்கே ஓடும் பழைய பாணிச் சைக்கிள்களுக்கு 28 அங்குல ரயர். உங்கள் பயணச் சைக்கிளின் 700 அளவு ரயரிலும் சிலவேளை 28 என்றே அச்சடித்திருக்கும். இரண்டும் ஒன்றல்ல. ரயரின் பக்கச் சுவரில் உள்ள சிறிய இலக்கத்தைப் பாருங்கள்: உள்ளூர் ரயரில் 635, உங்களுடையதில் 622 என்று இருக்கும். 13 மில்லிமீற்றர் வித்தியாசத்தில் ரயர் றிம்மில் நிற்காது. மெல்லிய பிரெஸ்ரா வால்வு ரியூபும் எல்லாக் கடையிலும் கிடைக்காது. ஆளுக்கு இரண்டு ரியூப் வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள். பிரெஸ்ரா வால்வில் பூட்டும் சிறிய பித்தளை மாற்றுக்கட்டை ஒன்று பையில் இருந்தால் எந்தக் கடையிலும் காற்றடித்துக்கொள்ளலாம்.

சைக்கிளைக் கடையில் விட்டுவிட்டு நடந்து வெளியே வரும்போது கூட்டத்தில் யாருக்கும் உழக்க வழியில்லை. அதற்காகவும்தான் இந்த ஒழுங்கு.

எங்கே போவது

நெடுந்தீவுக்குப் போகலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். காட்டுக் குதிரைகள், பவளக்கல் மதில்கள், பெருக்க மரம், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு என்று பார்க்க நிறைய உண்டு. ஆனாலும் ஓய்வு நாளுக்கு வேண்டாம். குறிகட்டுவான் துறை வரை பஸ், அங்கே படகுக்குக் காத்திருப்பு, போக ஒரு மணித்தியாலக் கடல், தீவில் நிழலில்லாத வெயில், திரும்பவும் அதே வழி. விடியற்காலை தொடங்கினால் இரவுதான் முடியும். நெடுந்தீவுக்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்கி வாருங்கள்.

நயினாதீவு அப்படியல்ல. அதே குறிகட்டுவானிலிருந்து கால் மணித்தியாலம் அளவில் படகு போய்ச் சேர்ந்துவிடும். நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் சிறிது தூர இடைவெளியில் இருக்கின்றன. அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் உண்டு. பஸ்ஸில் போனால், வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் கடல்வழிப் பாதையை ஜன்னலோரம் இருந்து பார்க்கலாம். இருபக்கமும் கடல், நடுவே வீதி. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மே முதல் செப்ரெம்பர் வரை அந்த வீதியில் சைக்கிள் உழக்குவது பெரும்பாடு. கடலில் குளிக்கத்தான் ஆசை என்றால் காரைநகர் கசூரினா. ஆழமில்லாத கடல், சவுக்கு மர நிழல்.

என்னைக் கேட்டால் கீரிமலை என்பேன். சைக்கிள்காரர்களின் ஓய்வு நாளுக்கு இந்தக் குடாநாட்டில் அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. கோயில், கடல், குளிப்பு மூன்றும் ஒரே இடத்தில். தூரமும் நகரிலிருந்து 20 கிலோமீற்றருக்குள். மத்தியானத்துக்கு முன் திரும்பிவிடலாம்.

கீரிமலை: போவதும் குளிப்பதும்

மூன்று நான்கு பேர் என்றால் ஓட்டோ பேசிக்கொள்ளுங்கள். போக, நிற்க, வர என்று மொத்தமாக விலை பேசி ஏறுங்கள். பஸ்ஸும் உண்டு. ரயிலில் போக விரும்பினால் காங்கேசன்துறை வரை போய் அங்கிருந்து ஓட்டோ எடுக்கலாம். 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை பாதை திரும்பத் திறந்த பிறகு இது ஒரு நல்ல சின்னப் பயணம். ரயில்கள் குறைவு, ஆகவே நேரத்தை முதல்நாளே நிலையத்தில் கேட்டுவையுங்கள்.

வீதியால் போனால் கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், தெல்லிப்பழை என்று ஊர்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு வரும். சுன்னாகம் சந்தையில் இறங்கி வாழைப்பழம் வாங்குங்கள். கதலி சின்னது, இனிப்பு; இதரை, கப்பல் வயிற்றை நிரப்பும். மே, ஜூன் மாதமென்றால் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கிடைக்கும். விடவே விடாதீர்கள். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலடியில் இடப்பக்கம் திரும்பினால் கீரிமலை.

இந்தப் பகுதி 1990இலிருந்து நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தது. சனங்கள் தங்கள் காணிகளுக்குத் துண்டு துண்டாகத்தான் திரும்பி வந்தார்கள். கூரையில்லாத வீடுகளை வழியில் காண்பீர்கள். அவை யாரோ ஒருவருடைய வீடு; உள்ளே இறங்கிப் படம் எடுக்க வேண்டாம். இராணுவ முகாம், கடற்படை முகாம் பக்கம் கமெராவைத் திருப்பவே வேண்டாம்.

குளிப்பது கடலோரத்து ஊற்றுக் கேணியில். அங்கே ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். ஆண்கள் கேணி திறந்த வெளியில், கடலைத் தொட்டாற்போல் இருக்கும். பெண்களுடையது மதில் சூழ்ந்தது. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல் நிலம். அதனுள் இறங்கும் மழைநீர் நிலத்தடியால் ஓடி, கடலோரத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் அலை அடிக்க, இந்தப் பக்கம் குளிர்ந்த தண்ணீர். படிகள் வழுக்கும், ஓடி இறங்காதீர்கள். கீழ்ப் படியில் இடுப்பளவு தண்ணீரில் இருந்து, கால்களை நீட்டி மடக்கி, கணுக்காலைச் சுழற்றிக்கொண்டு ஒரு இருபது நிமிடம் இருங்கள். நீந்தத் தெரிந்தவர்கள் ஆறுதலாக இரண்டு முறை குறுக்கே போய்வரலாம். சீற்றில் இருந்து இறுகிப்போன இடுப்பும், ஹான்டில் பிடித்து மரத்த உள்ளங்கையும் தண்ணீரில் இளகுவதை நீங்களே உணர்வீர்கள். தோலில் திறந்த புண் இருந்தால் மட்டும் கேணியில் இறங்காமல் இருப்பது உங்களுக்கும் மற்றவர்களுக்கும் நல்லது. சோப், ஷாம்பு பாவிக்காதீர்கள், இது தீர்த்தம். வெளிப்பக்கம் கடலில் கல் அதிகம், அங்கே குளிக்க இறங்க வேண்டாம்.

ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்ய ஆயிரக்கணக்கானோர் இங்கே வருவார்கள். அன்று ஓய்வுக்கு என்று போகாதீர்கள். மற்ற நாட்களிலும் யாராவது கடற்கரையில் இறந்தவர்களுக்குக் கடன் கழித்துக்கொண்டிருப்பார்கள். சத்தம் போட்டு விளையாடாமல், கொஞ்சம் தள்ளிப் போங்கள்.

குளித்து முடித்து நகுலேஸ்வரம் கோயிலுக்குப் போகலாம். ஈழத்தின் பஞ்ச ஈஸ்வரங்களில் ஒன்று. கீரி முகம் கொண்ட நகுல முனிவர் இத்தீர்த்தத்தில் நீராடி முகம் மாறினார் என்பது தல வரலாறு. ஊருக்குக் கீரிமலை என்று பெயர் வந்ததும் அதனால்தான். சைக்கிள் காற்சட்டையோடு கோயிலுக்குள் போகக்கூடாது. ஆண்கள் ஆளுக்கொரு சாரமோ வேட்டியோ கொண்டு போங்கள். சாரம் என்றால் உடுப்பு மாற்ற மறைப்பாகவும், துவாயாகவும், நிழலில் விரித்துப் படுக்கவும் உதவும். பெண்கள் கேணியில் குளிக்க ஒரு சோடி, கோயிலுக்கு ஒரு சோடி என்று உடுப்பு எடுத்துக்கொண்டால் அவசரப்பட வேண்டியிருக்காது.

மத்தியானம் கூழ்

தங்கியிருக்கும் வீட்டில் முதல்நாளே சொல்லி வைத்தால் ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாவில் கூழ் காய்ச்சித் தருவார்கள். சமையலில் நீங்களும் கை கொடுக்கலாம். நண்பர் கூட்டத்துக்கு இதைவிட நல்ல பொழுது இல்லை. ஒருவர் நண்டு உடைக்க, ஒருவர் பயற்றங்காய் முறிக்க, ஒருவர் பலாக்கொட்டை தோல் உரிக்க, மரவள்ளிக்கிழங்கும் கொஞ்ச அரிசியும் பெரிய பானையில் அவியும். மீன், றால், கணவாய் பிறகு போகும். ஊறவைத்துக் கயர் போக வடித்தெடுத்த ஒடியல் மாவையும், செத்தல் மிளகாய்க் கூட்டையும் புளியில் கரைத்துக் கடைசியில் விட்டுத் துழாவுவார்கள். பனையோலையில் கோலிய பிளாவில் ஊற்றித் தருவார்கள். கரண்டி கேட்காதீர்கள். உறிஞ்சிக் குடித்து, நண்டுக்காலைக் கையால் எடுத்துச் சாப்பிட வேண்டும்.

வியர்த்து உப்பு இழந்த உடம்புக்குக் கூழ் நல்ல சாப்பாடு. ஆனால் காரம் பழகாத வயிறு என்றால் இரவில் குடிக்காதீர்கள், மத்தியானத்தோடு நிறுத்துங்கள். நண்டு, றால் ஒத்துவராதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மரக்கறிக் கூழும் காய்ச்சலாம். கள்ளுக்கு யாராவது கூப்பிட்டால் அன்பாக மறுத்துவிடுங்கள். அடுத்த நாள் வெயிலில் ஓடப் போகிற உடம்பில் தண்ணீர் மிஞ்ச வேண்டும்.

கூழ் குடித்த பிறகு படுத்துத் தூங்குங்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை.

பின்னேரம்

வெயில் தணிந்ததும் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். போர்த்துக்கேயர் தொடங்கி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பெருப்பித்த கோட்டையின் மதில்மேல் நடக்கலாம். பண்ணைக் கடல் முழுவதும் தெரியும். அதற்குக் கிட்டவே 1981இல் எரிக்கப்பட்டுத் திரும்பக் கட்டிய பொது நூலகம் இருக்கிறது. அல்லது நல்லூர்க் கந்தன் மாலைப் பூசை. ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும், பூசை நேரம் ஒரு நிமிடமும் பிந்தாது. கோயிலடியில் ரியோ ஐஸ்கிறீம் கடையும் உண்டு.

அதற்கு முன் கடையில் சைக்கிளை எடுத்து, அங்கேயே ஒரு சுற்று ஓடிப் பாருங்கள். இரண்டு பிறேக்கும் பிடிக்கிறதா, எல்லாக் கியரும் விழுகிறதா, சில்லுப் பூட்டு இறுகியிருக்கிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

வழிக்குத் தின்ன வாங்க வேண்டியவற்றில், பொதி போட்ட இனிப்புக்கட்டிகளை விட ஊர்ப் பண்டங்கள் மேல். ஓலைக் குட்டானில் வரும் பனங்கட்டி வெயிலில் உருகி ஒழுகாது, வாயில் போட்டதும் தென்பு தரும். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலைத் தேங்காய்ச் சொட்டோடு மென்றால் நெடுநேரம் பசி தாங்கும். எள்ளுருண்டையும் நல்லது. மருந்துக்கடையில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூளான ஜீவனி, ஆளுக்கு இரண்டு பக்கெற் வாங்குங்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது ஒவ்வொருவரும் தன் உடம்பைப் பற்றி உண்மையைச் சொல்லட்டும். முழங்கால் முன்பக்கம் நோகிறது என்றால் சீற்றை ஒரு சில மில்லிமீற்றர் உயர்த்திப் பாருங்கள். நாள் முழுதும் குடித்தும் சிறுநீர் கடும் மஞ்சளாகப் போகிறது, படிக்கட்டு ஏறவே கால் கனக்கிறது என்றால் அந்த ஆளுக்கு இன்னொரு நாள் ஓய்வு வேண்டும். ஒருவருக்காக எல்லோரும் ஒரு நாள் நிற்பதா, அவர் பஸ்ஸிலோ ரயிலிலோ வந்து வவுனியாவில் சேர்ந்துகொள்வதா என்பதை அந்த மேசையிலேயே முடிவு செய்யுங்கள். காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போட வேண்டாம், யாழ் போதனா வைத்தியசாலை நகரின் நடுவிலேயே இருக்கிறது.

காலையில் ஐந்தரைக்கெல்லாம், முன்பின் விளக்குப் போட்டு, வெளிக்கிடுங்கள். ஏ9 வீதியால் தெற்கே போகிறவர்களுக்குச் சாவகச்சேரி, கொடிகாமம், பளை வரை கடைகள் உண்டு. பளை தாண்டினால் ஆனையிறவு வெளி. சோளகக் காலத்தில் காற்று முகத்தில் அடிக்கும், வெயில் ஏறுமுன் அதைக் கடந்துவிட வேண்டும். மன்னார்ப் பக்கம் போகிறவர்கள் நாவற்குழியில் திரும்பி, 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரிக்குப் போகலாம். பூநகரிக்குப் பிறகு கடைகள் ஐதாகிவிடும். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீரை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.